உண்மையான ரேந்தை எது?

சென்ற ஆண்டு நாம் கற்பிக்கும் பாடசாலையிலே நடைபெற்ற கைப்பணிக் கண்காட்சியின்போது சிறியதொரு பிணக்கு எழுந்தது. பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, தன் பாட்டியாரிடம் பயின்ற ரற்றிங் வேலையினால் ஒரு சாண் அகலமுள்ள வட்ட விரிப்பு ஒன்றைச் செய்து கொண்டுவந்திருந்தாள். மனையியல் ஆசிரியை அதனை ‘ரேந்தை’ எனக் குறித்த மேசையிலே வைத்தார். நடுவராக வெளியிலிருந்து வந்த அம்மையாரோ அதனை எடுத்து, பனையோலைப் பெட்டிகளும் வர்ணம் பூசிய போத்தல்களும் கிடந்த ‘ஏனைய கைவேலைகள்’ மேசைக்கு மாற்றிவிட்டார். “வடிவாய்த்தான் இருக்கிறது, ஆனால் இது உண்மையான ரேந்தை அல்ல” என்பது அவர் கூறிய காரணம். மாணவி ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை விரிப்பை மடித்துப் பைக்குள் வைத்தபோது அவள் முகம் இருந்த நிலையை நாம் கண்டோம். பரிசு போனதற்காக வருந்தும் முகமாக அது தோன்றவில்லை. தான் செய்தது இன்னதென்று தனக்கே தெரியாமற்போன ஒருவரின் முகமாகவே தோன்றிற்று.

மறுநாள் ஆசிரியர் ஓய்வறையிலே இப்பேச்சு எழுந்தபோது, பொருளியல் கற்பிக்கும் நண்பர் சிரித்தார். அரிசி விற்கின்ற விலையிலே ரேந்தையில் உண்மையும் பொய்யும் பார்க்க யாருக்கு நேரமிருக்கிறது என்று கேட்டார். அவர் சிரிப்பிலே நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் ‘உண்மையான’ என்னும் இவ்வடைமொழி எங்கெங்கெல்லாம் வந்து ஒட்டிக்கொள்கிறது என்பதைத் தமிழ் கற்பிக்கும் நாம் அறியாதவரல்லேம். 1960களின் தொடக்கத்தில் ஈழத்து இலக்கிய உலகிலே நிகழ்ந்த மரபுப் போராட்டத்தை நம் மாணவர் இன்று வரலாறாகப் படிக்கின்றனர். உழைக்கும் மக்களின் பேச்சுமொழி கதைகளிலே புகுந்தபோது பண்டிதர் சிலர் அதனை ‘இழிசனர் வழக்கு’ என்று ஒதுக்கினர். அங்கும் வாதம் இலக்கணத்தைப் பற்றியதாகவே தொடங்கியது. எவருடைய நாவுக்கு ஏட்டிலே இடமுண்டு என்னும் வினாவாக முடிந்தது. ஆகவே ஒரு சாண் நூல்வேலையைப் பற்றிய வினாவையும் சற்றுப் பொறுமையோடு ஆராய்வது வீண்வேலை ஆகாது எனக் கருதுகின்றோம்.

ரற்றிங் என்பது யாது? உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு ஓடம் ஒன்று; அதிலே சுற்றிய நூல்; பத்து விரல்கள். இவையே அத்தொழிலின் கருவிகள் அனைத்தும். இடக்கை விரல்களைச் சுற்றி நூலை ஒரு வளையமாகப் பிடித்து, ஓடத்தை அதன் கீழும் மேலுமாகச் செலுத்துவர். அப்போது விழுகின்ற சுருக்கு முதலில் ஓடத்து நூலாற் கட்டப்பட்டதாக இருக்கும். ஓடத்து நூலை விறைப்பாக இழுத்து, கைநூலைத் தளர்த்தினால், அக்கணத்திலே சுருக்கு இடம்மாறுகிறது. கட்டிய நூல் நேராகிறது, நேராயிருந்த நூல் கட்டுகிறது. இந்த மாற்றமே தொழிலின் உயிர்நிலை. இது கைவராதவன் நூறு முடிச்சுப் போட்டாலும் பயனில்லை. முடிச்சு இறுகிவிடும், வளையம் மூடாது. இவ்வாறு இரண்டு அரைச் சுருக்குகள் சேர்ந்து ஒரு முழு முடிச்சாகும். முடிச்சுகள் நிரம்பியபின் ஓடத்து நூலை இழுக்க, வளையம் ஒரு மலரின் இதழ்போல் மூடிக்கொள்ளும். முடிச்சுகளுக்கிடையே விட்ட சிறு காதுகள் அலங்காரமாகவும், ஒரு வளையத்தை மற்றொன்றோடு பிணைக்கும் இடமாகவும் அமையும். மூடிய வளையத்தை அவிழ்ப்பது மிகக் கடினம். தவறு நேர்ந்தால் வெட்டி எறிவதே பெரும்பாலும் வழி.

இதற்கு ஐரோப்பிய மொழிகள் இட்ட பெயர்களைக் கவனித்தல் வேண்டும். பிரெஞ்சுக்காரர் ‘ஃப்ரிவொலித்தே’ என்றனர். வெட்டித்தனம், விளையாட்டுத்தனம் என்பது அதன் பொருள். இத்தாலியர் ‘கியாக்கியெரீனோ’ என்றனர். அரட்டை என்னும் சொல்லடியாகப் பிறந்தது அது. ஜெர்மானியர் மட்டுமே வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தவர். அவர்கள் இதனைச் ‘சிறு ஓட வேலை’ என்கின்றனர். நெசவாளனின் கருவிக்கும் நீரிலே மிதப்பதற்கும் ஓடம் என்ற ஒரே சொல்லை வழங்கும் நமக்கு அப்பெயர் அந்நியமாகத் தோன்றாது. ஒரு தொழிலுக்கு வெட்டித்தனம் என்று பெயரிட்டுவிட்டபின், அது உண்மையானதா என்று விசாரணை வைப்பது, பிள்ளைக்குப் ‘பிச்சை’ என்று பெயரிட்டுவிட்டுப் பின்பு அவனுடைய சொத்துவிவரம் கேட்பது போன்றதே.

இனி நடுவர் அம்மையாரின் பக்கத்தையும் நேர்மையோடு கூறுதல் வேண்டும். அவர் தம் மனம்போனபடி பேசியவரல்லர். ரேந்தை வரலாறு எழுதியோர் பலர், உண்மை ரேந்தை இரண்டே என்று கொள்வர். ஒன்று, தோற்காகிதத்தின்மேல் எல்லைநூலைப் பதித்து, அதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு ஊசியினாற் பொத்தான் துளைத் தையலாக நிரப்பிச் செல்லும் ஊசி ரேந்தை. மற்றது, திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, அவற்றினூடே பல சிறு கட்டைகளிற் சுற்றிய நூல்களைக் குறுக்கியும் முறுக்கியும் பின்னும் கட்டை ரேந்தை. இரண்டும் 16ஆம் நூற்றாண்டிலே வெனிசு முதலிய இத்தாலிய நகரங்களிலும் பிளாந்தர்சிலும் வளர்ந்தவை. துணியின் நூல்களை உருவி எஞ்சியவற்றைத் தைத்து அழகுசெய்த காலம்போய், துணியே இல்லாமல் வெறுவெளியிலே தைக்கக் கற்றுக்கொண்டபோது வெனிசியர் அதனைக் ‘காற்றிலே தைத்தல்’ என்று அழைத்தனர். அழகிய பெயர். குரோசே, வலைப்பின்னல், ரற்றிங் ஆகியவை இவற்றின் சாயலைப் பின்பற்றிய போலிகள் என்பதே அவ்வாசிரியர்களின் முடிபு.

இம்முடிபுக்கு ஆதாரமாகக் கூறப்படுவன எவை? துணியின் துணையின்றித் தானே நிற்கவேண்டும் என்பது ஒன்று. ரற்றிங் அவ்வாறே நிற்கிறது. காற்றிலன்றி வேறெங்கும் அது செய்யப்படுவதில்லை. திண்டும் வேண்டாம், தோற்காகிதமும் வேண்டாம். அன்றியும் அயர்லாந்தின் லிமெரிக் ரேந்தை பொறியில் நெய்த வலைத்துணியின்மேற் செய்யும் பூவேலையே. கரிக்மக்ராஸ் ரேந்தையோ வலைமேல் மெல்லிய துணியைப் பொருத்தி வெட்டுவது. இவ்விரண்டும் துணியை நம்பியே நிற்பவை. எனினும் அவை ரேந்தை என்ற பெயரோடு அருங்காட்சியகங்களிலே கௌரவமாகத் தொங்குகின்றன. கட்டை ரேந்தையின் அடர்ந்த பகுதிகளை உருப்பெருக்கியினாற் பார்த்தால், அங்கே காண்பது சாதாரண நெசவின் ஊடும் பாவுமே. துணியல்லாததே ரேந்தை என்று கடுமையாகப் பேசப்புகின், முதலில் வெளியேற வேண்டியது எது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சொல்லின் பிறப்பை நாடுவோரும் உளர். ‘லேஸ்’ என்னும் ஆங்கிலச் சொல், சுருக்குக் கயிறு என்று பொருள்படும் இலத்தீனச் சொல்லிலிருந்து பழைய பிரெஞ்சின் வழியாக வந்தது. சுருக்கே ரேந்தை எனின், இழுத்து மூடும் ஒவ்வொரு வளையமும் சுருக்காகவே அமைந்த ரற்றிங்கை விட அப்பெயருக்கு உரிமையுடையது வேறொன்றில்லை! ஆனால் இவ்வாதத்தை நாம் வற்புறுத்தோம். சொல் பிறந்த இடத்தைக் கொண்டு பொருளை நிறுவ முற்படுவோர் தமிழிலே செய்துள்ள விநோதங்களை நாம் நிரம்பக் கண்டிருக்கின்றோம்.

வலுவான ஆதாரம் ஒன்று உண்டு. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஊசியும் கட்டையும் எந்த உருவத்தையும் வரையவல்லவை. இலை, பறவை, மனித முகம், அரண்மனைத் தோட்டம் ஆகிய எதனையும் அவை வெண்ணூலிலே காட்டும். ரற்றிங்குக்கு அச்சுதந்திரம் இல்லை. வளையமும் வில்வளைவுமே அதன் எழுத்துகள். பரந்த இடத்தை அடைத்து நிரப்புதல் அதற்கு இயல்பன்று. இக்குறையை ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் இது ஓர் இனத்துக்குள்ளே உள்ள வேறுபாடா, இனத்தையே மாற்றும் வேறுபாடா? காப்பியம் பாடுதற்கு விருத்தம் இடங்கொடுப்பதுபோலக் குறள் வெண்பா இடங்கொடாது. ஏழு சீருக்குள் நகர் வருணனை செய்ய எவராலும் இயலாது. அதனால் குறள் வெண்பா செய்யுளன்று என்று எவரும் கூறியதில்லை.

அப்படியாயின் துளையுள்ளதெல்லாம் ரேந்தையா, மீன்வலையும் ரேந்தையா என்று பொருளியல் நண்பர் கேட்டார். நல்ல கேள்வி. மீன்வலையின் கண் மீனுக்காக அமைந்தது. அதன் அளவைக் கடலும் சட்டமும் தீர்மானிக்கின்றன. ரேந்தையிலோ துளையே எழுத்து. எங்கே வெளி விடுவது, எவ்வளவு விடுவது என்பதே அங்கு செய்யும் வேலை. எல்லைகள் சில இடங்களிலே மங்கலாகவே இருக்கும். வலைக்கண்களைச் சில இடங்களில் நூலால் அடைத்து உருவம் காட்டுகின்ற ஃபிலே வேலை அவ்வெல்லையிலே நிற்பது. 1953இல் வெளிவந்த தம் நூலிலே விற்கன்ஸ்ரைன், விளையாட்டு என்னும் பெயரால் அழைக்கப்படுவன அனைத்துக்கும் பொதுவான ஒரு பண்பைக் காணமுடியாது. ஒரு குடும்பத்தாரின் முகச்சாயல்போல ஒன்றோடொன்று பின்னிய ஒப்புமைகளே உண்டு என்று காட்டினார். ரேந்தைக்கும் அது பொருந்தும். ஆயினும் அம்மெய்யியலாளர் கூறாது விட்ட ஒன்று நமக்கு முக்கியமானது: குடும்பத்திலே எவர் பெயர் பதிவேட்டில் எழுதப்பட்டது, பேனா எவர் கையில் இருந்தது என்பது.

‘உண்மையான’ என்னும் சொல்லையே சற்றுப் பிரித்துப் பார்ப்போம். உண்மையான தங்கம் என்கின்றோம். அங்கே அது உலோகத்தின் தன்மையைக் குறிக்கும், உரைகல்லால் தீர்க்கலாம். உண்மையான நண்பன் என்கின்றோம். அங்கே அது பாராட்டு, உரைகல் உதவாது. ‘உண்மையான ரேந்தை’ என்பதிலே இவ்விரு பொருளும் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிந்து நிற்கின்றன. தங்கத்தைப் பற்றிப் பேசுவதுபோலத் தொடங்கி, நண்பனைப் பற்றிய தீர்ப்போடு முடிக்கின்றனர். முறைவேறுபாட்டைக் கூறும்போது எவரும் மறுக்கமாட்டார். அந்த இசைவைக் கையில் எடுத்துக்கொண்டு தகுதிவேறுபாட்டுக்குத் தாவிவிடுகின்றனர். அன்று கண்காட்சியிலே நிகழ்ந்ததும் இதுவே. முறை வேறு என்று கூறி விரிப்பைத் தூக்கினார். தகுதி குறைந்தவற்றின் மேசையிலே வைத்தார்.

இவ்விடத்தில் நம் அணியைச் சேர்ந்த வாசகர் அவசரமாக ஒரு முடிவுக்கு வரக்கூடும். உண்மை ரேந்தை ஆளும் வர்க்கத்தின் ரேந்தை. ரற்றிங் மக்கள் ரேந்தை. ஆகவே நாம் ரற்றிங்கின் பக்கம் என்பதே அது. நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். வரலாறு அதற்கு இடங்கொடுக்கவில்லை. ரற்றிங்குக்கு முன்னோடியான ஓட முடிச்சு வேலை 18ஆம் நூற்றாண்டுச் சீமாட்டிகளின் பொழுதுபோக்காகவே இருந்தது. பொன்னாலும் ஆமையோட்டாலும் முத்துச்சிப்பியாலும் செய்த ஓடங்கள் இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. றெனோல்ட்ஸ் தீட்டிய அல்பமார்ள் பிரபுவின் மனைவியின் ஓவியத்திலே அவர் கையில் அத்தகைய ஓடமொன்றோடு அமர்ந்திருப்பதை லண்டன் தேசியக் கலைக்கூடத்திற் காணலாம். ‘உண்மை’ ரேந்தையோ, மன்னரும் மதகுருமாரும் அணிந்ததாயினும், செய்தோர் ஏழைகள். ஆகவே அணிந்தவனைப் பார்த்தால் ஒரு முடிவும், செய்தவளைப் பார்த்தால் அதற்கு மாறான முடிவும் கிடைக்கும்.

செய்தவளைப் பார்ப்போம். 1665இல் பிரெஞ்சு அமைச்சர் கொல்பேர், நாட்டுப் பொன் வெனிசுக்கு ஓடுவதைத் தடுப்பதற்காக அலன்சோன் முதலிய ஊர்களில் அரச ஆதரவோடு ரேந்தைத் தொழிலை நிறுவினார். அலன்சோன் ஊசி ரேந்தையின் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 7 மணித்தியாலம் செல்லும். அதனை முழுமையாகக் கற்க 7 முதல் 10 ஆண்டுகள் வேண்டும். 2010இல் யுனெஸ்கோ அதனை மானுடத்தின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிலே சேர்த்துக்கொண்டது. பிளாந்தர்சின் மெல்லிய சணல்நூல் உலர்ந்த காற்றிலே அறுந்துவிடும் என்பதால் அதனை ஈரமான நிலவறைகளிலே நூற்றனர். இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட், பக்கிங்காம் பகுதிகளில் ‘ரேந்தைப் பள்ளிகள்’ இருந்தன. அங்கே சிறு பிள்ளைகள் திண்டின்முன் அமர்த்தப்பட்டனர். மாலையிலே ஒரு மெழுகுவர்த்தியைச் சுற்றி நீர்நிரம்பிய கண்ணாடிக் குடுவைகளை வைத்து, ஒரே சுடரின் ஒளியைப் பல திண்டுகளில் விழச்செய்து வேலை வாங்கினர். பள்ளி என்று அதற்குப் பெயர். பெயரிடுவோர் எப்போதும் தாராள மனத்தினரே.

பொறி வந்தது. 1808, 1809 ஆண்டுகளில் ஜோன் ஹீத்கோட் என்பவர் கட்டை வலையை நெய்யும் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். 1816இலே லவ்பரோவில் இருந்த அவரது ஆலையைத் தொழிலாளர் தாக்கி 55 பொறிகளை நொறுக்கினர். அவர் தொழிலைத் தெற்கே ரிவெர்ற்றனுக்கு மாற்றிக்கொண்டார். பொறி கைகளை விடுவித்ததா? மார்க்ஸ் மூலதனத்தின் முதற்பாகத்திலே நொற்றிங்காம் ரேந்தைத் தொழிலைப் பற்றி எழுதியிருப்பதை நம் மாணவர் ஒருமுறையாவது படித்தல் வேண்டும். அந்நகரின் இலவச மருந்தகத்துக்கு வந்த ரேந்தைத் தொழிலாளப் பெண்களின் கணக்கொன்றை அவர் எடுத்துக்காட்டுகின்றார். பெரும்பாலோர் 17க்கும் 24க்கும் இடைப்பட்ட வயதினர். 1852இலே அவர்களுள் 45 பேருக்கு ஒருவர் காசநோயாளி. 1861இலே 8 பேருக்கு ஒருவர். பொறியிலிருந்து வந்த ரேந்தையை வெட்டிப் பிரித்து ஓரம் சீர்செய்யும் வேலை வீடுகளுக்குள்ளே, காற்றில்லாத அறைகளிலே, பிள்ளைகளைக் கொண்டும் நடைபெற்றது.

‘உண்மை ரேந்தை’ என்னும் தொடர் வலுப்பெற்றதும் இக்காலத்திலேதான். அதற்கு முன்னர் ரேந்தை ரேந்தையாகவே இருந்தது. பொறி ரேந்தை மலிந்து, வேலைக்காரப் பெண்ணின் கழுத்திலும் எசமானியின் கழுத்திலும் ஒரே தோற்றமுள்ள துணி ஏறியபின்னர், கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டைச் சொல்லினால் தெரியப்படுத்த வேண்டியதாயிற்று. ரற்றிங் இன்றைய வடிவம் பெற்றதும் அதே தலைமுறையிலே, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில். காதுகளாற் பிணைக்கும் முறைகளை அச்சிட்ட சிறு நூல்களின் மூலம் பரப்பியவர்களுள் மதுமொசெல் ரியேகோ முக்கியமானவர். அவருடைய நூல் 1850இல் வெளிவந்தது. ஆகவே பொறிக்கு எதிராகக் கட்டிய வேலியின் வெளிப்புறத்திலே, பொறியோடு ஒருசேரப் பிறந்த பாவத்துக்காக, இக்கைவேலையும் நிறுத்தப்பட்டது. வேடிக்கை யாதெனில், 1816இலே நொற்றிங்காமிலிருந்து பிரிக்கப்பட்டுக் கடத்தப்பட்ட பொறிகளால் வளர்ந்த கலே நகரம், இன்று அப்பழைய பொறிகளில் நெய்த ரேந்தையே மெய்யானது என்று முத்திரையிட்டு, புதிய பொறிகளின் மலிவுச் சரக்கிலிருந்து தன்னைப் பிரித்துக்காட்டுகிறது. நேற்றைய போலி இன்றைய உண்மை.

நம் பக்கத்து நாட்டிலும் இக்கதைக்கு இரண்டு அத்தியாயங்கள் உண்டு. தென்திருவிதாங்கூரின் நாகர்கோவிலிலே 1820களில் மார்த்தா மால்ட் என்னும் மிஷனரிப் பெண்மணி தம் விடுதிப்பள்ளிச் சிறுமிகளுக்கு ரேந்தை பின்னக் கற்பித்தார். அடிமைநிலையிற் பிறந்த பெண்கள் சிலர் அவ்வருவாயைக்கொண்டு தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் என மிஷன் வரலாறுகள் கூறும். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இலேதான் என்பதை நினைத்தால், அந்த நூலின் வலிமை விளங்கும். மற்றைய அத்தியாயம் ஆந்திரத்தின் நர்சாபூர். அங்கே பெண்கள் பின்னுவது குரோசே. வரலாற்றாசிரியர் கணக்கில் அது உண்மை ரேந்தை அன்று. ஏற்றுமதியாளர் கணக்கிலோ அது ரேந்தையே. மரியா மீஸ் என்னும் ஆய்வாளர் 1982இல் வெளியிட்ட நூலிலே, நாள்முழுதும் உழைக்கும் அப்பெண்கள் ‘இல்லத்தரசிகள்’ என்றும், அவர்களுடைய உழைப்பு ‘ஓய்வுநேர வேலை’ என்றும் வகுக்கப்பட்டதனாலேயே கூலி அத்துணைக் கீழே நிற்க முடிந்தது என்பதைக் காட்டினார். உலகச் சந்தைக்கு உற்பத்தி செய்பவள் தொழிலாளியாகவே எண்ணப்படவில்லை.

ஃப்ரிவொலித்தே, கியாக்கியெரீனோ என்னும் பெயர்களை வாசகர் இங்கே நினைவுகூர வேண்டும். வெட்டித்தனம் என்ற பெயரும் ஓய்வுநேரம் என்ற பெயரும் ஒரே குடும்பத்தின. சீமாட்டியின் கையில் ஓடம் இருந்தபோது அப்பெயர் பொருந்தியது. அவளுக்கு அது வெட்டிப்பொழுதே. அதே ஓடம் கூலிக்குப் பின்னுபவளின் கைக்கு மாறியபின்னும் பெயர் மாறவில்லை. பெயர் மாறாதது எவருக்கு இலாபம் என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

ஆயினும் நம் வாதத்துக்குள்ளே உறுத்துகின்ற ஒரு முள் உண்டு. காலியிலும் மாகல்லையிலும் வெலிகாமத்திலும் பீரலு ரேந்தை பின்னும் பெண்கள் இருக்கின்றனர். போர்த்துக்கேயரோடு வந்த தொழில் அது. பீரலு என்பது கட்டையைக் குறிக்கும் ‘பில்ரோ’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபு. சிங்களத்தில் ‘ரேந்த’, தமிழில் ‘ரேந்தை’ என்று இரு மொழியினரும் ஒரே இடத்திலிருந்து கடன்வாங்கி, அக்கடனை இன்றும் வீட்டுக்குள்ளே வைத்திருக்கின்றோம். 2004ஆம் ஆண்டின் சுனாமி சூறையாடிய கரை அவர்களுடையது. நாற்பது ஆண்டு திண்டின்முன் குனிந்திருந்த அப்பெண்ணொருத்தி நம்மிடம் வந்து, “ரற்றிங்கும் ரேந்தை, குரோசேயும் ரேந்தை, எல்லாம் ஒன்றே என்றால், நான் கற்ற கல்விக்கு என்ன மதிப்பு?” என்று கேட்டால் நாம் என்ன கூறுவோம்?

இக்கேள்வியைக் கேட்கும் உரிமை அவளுக்கு நடுவர் அம்மையாரைவிட அதிகம். நாம் கூறக்கூடியது இதுவே: எல்லாம் ஒன்று என்று நாம் சொல்லவில்லை. உன் வேலை கடினமானது. அதற்கு அதிக நேரம், அதிகப் பயிற்சி, அதிக நூலறிவு வேண்டும். அதற்குரியது அதிக விலை. ஆனால் அவ்விலையை ‘உண்மை’ என்னும் சொல் உனக்குப் பெற்றுத் தந்ததா? அலன்சோனிலும் பிளாந்தர்சிலும் ரேந்தை பின்னிய பெண்களுக்கு அச்சொல் தடையின்றிக் கிடைத்தது, கூலிதான் கிடைக்கவில்லை. சொல் துணியைப் போய்ச் சேர்ந்தது. துணியோடு கடைக்குப் போயிற்று. கடைக்காரனின் பெட்டிக்குள்ளே விழுந்தது. உன் தொழிலைக் காக்க வேண்டுமாயின், ரற்றிங் செய்யும் சிறுமியை வாசலுக்கு வெளியே நிறுத்துவதால் ஒரு சதமும் கூடாது. பீரலு என்று பெயர்சொல்லி, பொறிச்சரக்கைப் பீரலு என்று விற்பவனைத் தடுத்தால் கூடும். இவ்விடையால் அவள் முற்றாகச் சமாதானமடைவாள் என நாம் நம்பவில்லை. கற்ற கல்வியின் பெருமை கூலிக்கணக்கிலே முழுதும் அடங்குவதன்று என்பதை ஆசிரியத்தொழில் செய்யும் நாமே அறிவோம்.

ஆகவே ‘உண்மை’ என்ற சொல்லை முற்றாகக் கைவிடச் சொல்கின்றோமா? அல்ல. பொறியில் நெய்ததைக் கைவேலை என்று விற்பது பொய். அங்கே உண்மை பேசப்பட வேண்டும். எந்த முறையால் ஆயிற்று, எவர் செய்தார், எத்தனை மணித்தியாலம் சென்றது, என்ன கூலி கொடுக்கப்பட்டது என்பன உண்மை பொய் என்று தீர்க்கக்கூடிய வினாக்கள். ரேந்தையைப் பற்றி அவ்வினாக்களைக் கேட்டவர் வரலாற்றிலே மிகச் சிலர். ரற்றிங் ரேந்தையா என்ற வினாவுக்கு நம் விடை, ஆம் என்பதே. துணியின்றி நிற்கிறது, வெளியை எழுத்தாகக் கொள்கிறது, ஒவ்வொரு முடிச்சும் கையால் இடப்படுகிறது. இவற்றுக்கு மேல் எதனையும் அப்பெயர் கேட்கலாகாது. அது ஊசி ரேந்தைக்கு நிகரா என்பது வேறு வினா. பல விடயங்களில் நிகரன்று.

இவ்வாண்டுக் கண்காட்சிக்கு வேறு நடுவர் வந்தார். அதற்கு முதல்வாரமே மனையியல் ஆசிரியையோடு கலந்து, மேசைகளின் பெயர்ப்பலகைகளை நாம் மாற்றி எழுதினோம். வகுப்புப் பெயர்களை விட்டு, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு வைத்தோம். அம்மாணவியின் விரிப்புக்கு எழுதிய சீட்டிலே ‘ரேந்தை, ஓடத்தால் முடிந்தது, 36 மணித்தியாலம்’ என்றிருந்தது, கீழே அவள் பெயரும் பாட்டியாரின் பெயரும். அவள் வந்து சீட்டை வாசித்தாள். நன்றி கூறுவாள் என்று எதிர்பார்த்தோம்.

“சேர், வெட்டி எறிஞ்ச வளையங்களுக்குப் போன நேரத்தையும் சேர்த்தோ எழுதினனீங்கள்?” என்று கேட்டாள்.

சேர்க்கவில்லை. கணக்குப் போட்டு 36ஐ வெட்டி 51 என்று அவளே எழுதினாள்.